அந்தக் கையெழுத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

இலங்கையின் வடக்கில், ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ காணி அலுவலாகப் பிரதேச செயலகத்துக்குப் போனவர்களுக்கு "ஐயா லீவு, வந்தால்தான் கையெழுத்து" என்ற பதில் பழகியிருக்கும். பக்கத்து அறையில் இன்னொரு அதிகாரி இருக்கிறாரே, அவர் வைத்தால் என்ன? வைக்கலாமா என்பது அவர் மனசைப் பொறுத்ததல்ல, அந்த அதிகாரம் அவருடைய பதவிக்குச் சட்டத்தாலோ எழுத்தாலோ வந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. வராத அதிகாரத்தில் போட்ட கையெழுத்தை நாளைக்கு ஒரு வழக்கில் செல்லாது என்று தள்ளிவிடலாம், அப்போது அடிபடுவது அந்தப் பத்திரத்தை நம்பி வீடு கட்டின குடும்பம்.

அதிகாரம் கைமாறுவதில் இரண்டு விதம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல். 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் வேலையைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்த அரசாங்க அதிபரிடம் கொடுத்தது. 1992இன் 58ஆம் இலக்கச் சட்டம் அதைப் பிரதேச செயலாளரிடம் மாற்றிவிட்டது. இது முதல் விதம், வயலை எழுதிக் கொடுத்தது மாதிரி. இரண்டாவது கையளிப்பு, அதாவது தன் அதிகாரத்தை இன்னொருவரும் பயன்படுத்த விடுவது. அது அப்படியல்ல, குத்தகைக்கு விட்டது மாதிரி: நிபந்தனை போடலாம், திருப்பி எடுக்கலாம், உரித்து கொடுத்தவரிடமே கிடக்கும். ஒரு வித்தியாசம், குத்தகைக்கு விட்டவர் தானே இறங்கி உழமாட்டார், ஆனால் அதிகாரத்தைக் கையளித்தவர் பெரும்பாலும் தானும் அதைப் பயன்படுத்தலாம்.

வடமாகாண ஆசிரியர் இடமாற்றத்தைப் பாருங்கள். 1987இன் மாகாண சபைகள் சட்டப்படி மாகாணப் பொதுச்சேவையின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் ஆளுநரிடம். அவர் அதை மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம், ஆனாலும் ஆணைக்குழு போட்ட கட்டளையை மாற்றவோ இரத்துச் செய்யவோ அதே சட்டம் அவருக்கு இடம் வைத்திருக்கிறது. கொழும்பில் உள்ள அரசாங்க சேவை ஆணைக்குழுவும் அரசியலமைப்பின் 58ஆம் உறுப்புரைப்படி தன் அதிகாரத்தை ஓர் அதிகாரிக்குக் கையளிக்கலாம், அதை வர்த்தமானியில் போடவேண்டும், அந்த அதிகாரி போட்ட கட்டளையால் பாதிக்கப்பட்டவர் ஆணைக்குழுவிடமே மேன்முறையீடு செய்யலாம்.

கையளிக்கப்பட்டதை வாங்கினவர் இன்னொருவருக்குத் தள்ளிவிட முடியாது, சட்டம் இடம் கொடுத்தாலொழிய. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் இது இல்லாவிட்டால் பொறுப்பு கீழே கீழே இறங்கிப் போய், கடைசியில் கேட்க ஆளில்லாமல் போய்விடும். காசு விஷயத்திலும் இதே கவனம்தான். அரசாங்கக் காசைக் கையாளும் விதிகளில் ஒன்றான நிதிப் பிரமாணம் 135இன் கீழ் எந்த வேலை யாருக்கு என்று எழுத்தில் பிரித்துக் கொடுக்கிறார்கள்: செலவுக்கு அதிகாரமளிப்பது, அங்கீகரிப்பது, உறுதிப்படுத்துவது, பணம் கொடுப்பது. நான்கும் ஒரே கையில் சேர்ந்தால் பிழையைப் பிடிக்க ஆளிருக்காது.

சரி, பதில் கடமைக்கு, அதாவது பதவியில் இருப்பவர் இல்லாதபோது அவர் இடத்தில் வேலை பார்க்க, ஒருவரை முறையாக நியமித்தால்? அவர் யாருடைய கையாளும் அல்ல, அந்தப் பதவியே அவரிடம் இருக்கிறது. ஆகவே "ஐயா லீவு" என்றால் "பதில் கடமை யார்" என்று கேளுங்கள். கையளிப்புக் கடிதம் உண்டா என்று தெரியவேண்டுமானால் 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே செயலகத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம், தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் தீர்மானிக்கவேண்டும்.