அன்டிபயோட்டிக் – நுண்ணுயிர் எதிர்ப்பி

"பிள்ளைக்கு ராவு முழுக்கக் காதுக்குத்து, ஒரு அன்டிபயோட்டிக் தாங்கோ" என்று பாமசியில் கேட்பது யாழ்ப்பாணத்தில் வழக்கமான பேச்சு. கேட்பவர் நோ குறையத்தான் கேட்கிறார். ஆனால் அன்டிபயோட்டிக் நோ மருந்தல்ல.

கிரேக்கத்தில் 'அன்டி' என்றால் எதிர், 'பயோஸ்' என்றால் வாழ்வு. ஓர் உயிர் இன்னோர் உயிரை அழித்துத் தான் வாழ்வதை 1889இல் வுய்மென் என்ற பிரெஞ்சு அறிஞர் 'அன்டிபயோசிஸ்' என்றார். 1940களின் தொடக்கத்தில், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை ஆராய்ந்த செல்மன் வக்ஸ்மன் 'அன்டிபயோட்டிக்' என்பதை ஒரு பொருளின் பெயராக்கினார்: ஒரு நுண்ணுயிர் சுரந்து, மற்ற நுண்ணுயிரை அடக்கும் பொருள். இன்று ஆய்கூடத்தில் செய்யப்படுபவையும் இதே பெயரில் அடங்கும். மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்து, அதற்குக் கலைச்சொற்களும் ஆக்கிய சாமுவேல் கிறீன் 1884இல் மறைந்தவர்; பென்சிலின் என்ற அன்டிபயோட்டிக் கண்டறியப்பட்டது 1928இல். ஆகவே அவருடைய கலைச்சொற்களில் இதைத் தேடிப் பயனில்லை.

தமிழில் சிலர் 'கிருமிநாசினி' என்கிறார்கள். அது நிலம் கழுவும் திரவத்துக்குரிய சொல். குடிக்கிற மருந்துக்கு வைப்பது ஆபத்து. 'நுண்ணுயிர்க்கொல்லி' பரவலாக வழங்குகிறது. ஆனால் எரித்ரோமைசின் போன்ற சில அன்டிபயோட்டிக்குகள் பெரும்பாலும் பற்றீரியாவைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கின்றன. அதனால் 'நுண்ணுயிர் எதிர்ப்பி'யே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதிலும் ஒரு குறை உண்டு: வைரசையும் நாங்கள் நுண்ணுயிர் என்றே சொல்வதால், இந்த மருந்து அதற்கும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம். கேட்காது. அது பற்றீரியாவுக்கு மட்டும்தான்.

காதுக்குத்தில் இந்த வேறுபாடு முக்கியம். சிறுபிள்ளைகளுக்கு நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் கட்டை, சரிவும் குறைவு. தடிமனில் அது வீங்கி அடைக்க, உள்ளே நீர் தேங்கிக் குத்தத் தொடங்கும். காரணம் வைரசாகவும் இருக்கலாம், பற்றீரியாவாகவும் இருக்கலாம். பற்றீரியா என்றாலும் பல பிள்ளைகளுக்குத் தானாகவே மாறிவிடும். அதனால் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கடுமையில்லாத காதுக்குத்து என்றால், பரசிற்றமோல் கொடுத்து 48 முதல் 72 மணித்தியாலம் பார்த்திருக்கலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை, ஒரு காதில் மட்டும், கடுமையில்லாமல் இருந்தாலும் அப்படியே. இப்படிக் காத்திருப்பதும் வைத்தியர் காதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, 39 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், தாங்கமுடியாத நோ, காதால் சீழ் வடிதல், இரண்டு வயதுக்குள் இரு காதிலும் தொற்று என்றால் காத்திருக்கக் கூடாது. அப்போது பெரும்பாலும் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக்கைத்தான் முதலில் எழுதுவார்கள், அளவு பிள்ளையின் நிறைக்கு ஏற்ப. அண்ணனுக்குக் கலக்கி மிஞ்சிய பாணிப் போத்தலைத் தம்பிக்கு எடுக்க வேண்டாம்: அளவும் பொருந்தாது, தண்ணீர் கலந்த மருந்து நாள்பட வீரியமும் இழக்கும். செவிப்பறை கிழிந்திருக்கக்கூடும் என்பதால் காதுக்குள் காய்ச்சிய நல்லெண்ணெயும் விடாதீர்கள்.