முதல் பந்தி நுண்ணுயிர்களுக்கு

வைக்கோல் கட்டு ஒன்றைத் தண்ணீர் சொட்டச் சொட்ட நனைத்து, மேலே யூரியா தூவி, தினமும் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு ஐந்தாறு நாள் விட்டுவிடுங்கள். பிறகு அதன் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். மணிக்கட்டு மறைவதற்குள் வெடுக்கென்று இழுத்துக்கொள்வீர்கள். உள்ளே 50 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. வெயில் அந்த ஆழத்துக்குப் போகாது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வைக்கோலைத் தின்று மூச்சுவிடும்போது வெளியேறும் வெப்பம் அது. வைக்கோல் தன் இண்டு இடுக்குகளில் காற்றைப் பிடித்து வைத்திருப்பதால் அந்த வெப்பம் எளிதில் வெளியே போவதில்லை. 40 டிகிரியைத் தாண்டியதும் வேலையைத் தொடங்கிய பாக்டீரியாக்கள் ஒதுங்கிக்கொள்ள, வெப்பத்தை விரும்பும் வேறு இனங்கள் அதே இடத்தில் பெருகுகின்றன.

மண்ணே இல்லாத இந்தக் கட்டின் மேல் தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் வளர்க்கிறார்கள். வீட்டைச் சுற்றி சிமென்ட் தளம் மட்டுமே உள்ளவர்கள், கடப்பாரை இறங்காத நிலம் வாய்த்தவர்கள், குனிந்து கொத்த முடியாதவர்கள் ஆகியோருக்கு இப்படிப் பல வழிகள் இருக்கின்றன: மரக்கட்டைகளைப் புதைத்த மேட்டுப்பாத்தி, அடியில் நீர்த்தொட்டி வைத்த பாத்தி, நடுவில் கழிவுக் கூடை வைத்த வட்டப்பாத்தி. செய்முறைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று விளக்குபவர்கள் குறைவு. அதனால்தான் ஒருவருக்கு அள்ளிக் கொடுத்த முறை இன்னொருவரிடம் கைவிரித்துவிடுகிறது. வேர் கேட்பது தண்ணீர், காற்று, தண்ணீரில் கரைந்த சத்து, பிடித்து நிற்க ஓர் இடம். இவற்றை எது கொடுத்தாலும் அது பாத்திதான். சிக்கல் எல்லாம் அந்தச் சத்து யாருக்கு முதலில் போகிறது என்பதில் இருக்கிறது.

கோதுமை வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 80 பங்கு கார்பன் இருக்கிறது. அதைத் தின்னும் பாக்டீரியாவின் உடலிலோ ஒன்றுக்கு எட்டுதான். எட்டுப் பங்கு கார்பன் உடலாக மாற, இன்னும் பதினாறு பங்கை அது மூச்சில் எரித்துவிடுகிறது. ஆகவே அதற்குப் பொருத்தமான உணவு ஒரு பங்கு நைட்ரஜனும் 24 பங்கு கார்பனும் கொண்டது. வைக்கோலில் கார்பன் அதைவிட மிக அதிகம். பற்றாக்குறையாகும் நைட்ரஜனைப் பாக்டீரியா சுற்றியுள்ள ஈரத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. வேரும் அதே ஈரத்தைத்தான் நம்பியிருக்கிறது. இந்தப் போட்டியில் முதல் பந்தியில் உட்காருவது எப்போதும் நுண்ணுயிர்கள்தான். செடி இரண்டாம் பந்திக்குக் காத்திருக்க வேண்டும்.

இது தெரியாத காலத்தில் நான் ஒரு வைக்கோல் கட்டை இரண்டு நாள் மட்டும் நனைத்துவிட்டு, அவசரமாகத் தக்காளி நாற்று நட்டேன். பத்து நாளில் அடியிலைகள் வெளிறி மஞ்சளாயின. நோய் என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தேன். அது பட்டினி. நைட்ரஜன் போதாதபோது செடி பழைய இலைகளில் இருப்பதைப் பிரித்தெடுத்துக் கொழுந்துக்கு அனுப்புகிறது. அதனால்தான் மஞ்சள் கீழிருந்து மேலே ஏறுகிறது. தாய் தன் வயிற்றைக் கட்டிப் பிள்ளைக்குக் கொடுப்பது போன்ற அந்த ஏற்பாட்டை அறிந்த பிறகு, வெளிறிய அடியிலையை நான் கிள்ளுவதில்லை, உரக்கரைசல் ஊற்றுகிறேன்.

எவ்வளவு உரம் தேவை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 கிலோ கட்டில் சுமார் 8 கிலோ கார்பன் இருக்கும். அதில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரஜன் 100 கிராம். 24-க்கு ஒன்று என்ற அளவுக்குக் கொண்டுவர 330 கிராம் வேண்டும். குறையும் 230 கிராமை 46 சதவீத நைட்ரஜன் கொண்ட யூரியாவாக இட்டால் அரைக் கிலோ ஆகிறது. கட்டு முழுவதும் ஒரே மாதத்தில் மட்கப்போவதில்லை என்பதால் அதில் பாதியளவு, பத்துப் பன்னிரண்டு நாளில் சிறிது சிறிதாகப் பிரித்து இட்டால் போதும். நன்கு மட்கிய கோழி எருவும் இதே வேலையைச் செய்யும், நாள் சற்றுக் கூடுதலாகும். கையை நுழைத்தால் வெதுவெதுப்பு மட்டும் தெரிகிற நாளில் நாற்று நடலாம். கட்டின் மேல் கரிய குடைக்காளான்கள் முளைத்தால் கலங்க வேண்டாம்; மட்குதல் நடக்கிறது என்பதற்கு அடையாளம். சமையலுக்கு மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

வைக்கோல் கட்டை எப்படிக் கிடத்துகிறோம் என்பதும் முக்கியம். வைக்கோல் தாள்களின் வெட்டு முனை மேலே பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு தாளும் ஒரு குழல். அப்போதுதான் தண்ணீரும் உரமும் உள்ளே இறங்கும்.

இனி தண்ணீர். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் அமிழ்த்தி எடுத்து, உள்ளங்கையில் படுக்கை வாட்டில் வையுங்கள். கொஞ்ச நேரம் சொட்டி நின்றுவிடும். இப்போது அதையே நீள விளிம்பில் நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். அது நின்றதும் குறுகிய விளிம்பில் செங்குத்தாக நிறுத்துங்கள், இன்னும் சொட்டும். ஸ்பாஞ்சும் அதே, தண்ணீரும் அதே. நுண்துளைகளின் ஈர்ப்பு, அடியிலிருந்து குறிப்பிட்ட உயரம் வரை தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. படுத்திருக்கும்போது அந்த உயரத்துக்குள் மொத்த ஸ்பாஞ்சும் அடங்கிவிடுகிறது. நிமிர்த்தினால் அடிப்பகுதி மட்டும் அடங்குகிறது.

செடித் தொட்டியிலும் இதுவேதான் நடக்கிறது. ஆழமில்லாத தொட்டியில் மண்ணின் பெரும்பகுதி சதா நீர் நிறைந்து, வேருக்குக் காற்றில்லாமல் போகிறது. தண்ணீர் வடியட்டும் என்று அடியில் சரளைக்கல் பரப்பும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. நானும் செய்திருக்கிறேன். அது வடிகாலைக் கூட்டுவதில்லை. மண்ணின் நுண்துளையில் இருக்கும் நீர், தன்னை இழுக்காத பெரிய இடைவெளிக்குள் சொட்டச் சம்மதிப்பதில்லை. நிறைந்த பிறகுதான் இறங்கும். ஆக, நீர் தேங்கும் அடுக்கு சரளைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வேருக்குக் கிடைத்த இடம் அந்த அளவுக்குக் குறைகிறது.

இதே ஈர்ப்பைப் பயன்படுத்திக்கொள்வதுதான் அடியில் நீர்த்தொட்டி வைத்த பாத்தி. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல மண்ணில் தண்ணீர் மேலே ஏறுகிறது. இடைவெளியின் குறுக்களவு 1 மில்லிமீட்டர் என்றால் 3 சென்டிமீட்டர் ஏறும், 0.1 மில்லிமீட்டர் என்றால் 30 சென்டிமீட்டர். அடித்தொட்டிக்கு மேலே மண் 30 சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும் என்பதன் கணக்கு இதுதான். நீர்த்தொட்டியில் வெறும் சரளை நிரப்பி மேலே மண் கொட்டினால், நீர்மட்டம் சற்று இறங்கியதும் ஏற்றம் அறுந்துபோகும். மண்ணின் ஒரு பகுதியாவது, கால் நனைப்பதுபோல, தொட்டியின் அடிவரை இறங்கியிருக்க வேண்டும்.

இதில் பலர் விட்டுவிடுவது நிரம்பல் குழாய். தொட்டியின் மேல்மட்டத்தில் ஒரு துளையிட்டுக் குழாய் வைக்காவிட்டால் ஒரே மழையில் பாத்தி மூழ்கிவிடும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூழ்கிய வேர் மூச்சுத் திணறும். இன்னொன்று: கீழிருந்து ஏறும் நீர் மேற்பரப்பில் ஆவியாகும்போது உப்பை அங்கேயே விட்டுச் செல்கிறது. வெள்ளைப் படலம் தெரிந்தால், நிரம்பல் குழாயில் நீர் வழியும்வரை மேலிருந்து தாராளமாக ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

மரக்கட்டைகளைப் புதைத்து மண் மூடும் முறைக்கு ஜெர்மன் மொழியில் 'மேட்டு வேளாண்மை' என்ற பொருளில் பெயர் உண்டு. மரத்தில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூற்றுக்கணக்கான பங்கு கார்பன் இருப்பதால் பட்டினி இன்னும் கடுமையாக வரவேண்டும். ஆனால் பருத்த கட்டையில் வெளிப்பரப்பு குறைவு. நுண்ணுயிர் மெல்லத்தான் தின்ன முடியும் என்பதால் செடி தப்பிக்கிறது. அதே மரத்தை மரத்தூளாக வேர் மண்டலத்தில் கலந்தால் கதை முடிந்தது. உளுத்த கட்டையை ஊறவைத்துப் புதையுங்கள். மேடு ஆண்டுக்காண்டு அமுங்கும், அது இயல்பு.

எனக்கு மிகவும் பிடித்தது வட்டப்பாத்தி. 1990-களில் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில் கற்களை அடுக்கிக் கட்டிப் பரவலானது. கை எட்டும் அளவுக்கு ஓர் ஓரத்தில் நுழைவிடம் விட்டு, நடுவில் குச்சிகளால் ஆன கூடை. சமையலறைக் கழிவும் கழிவுநீரும் கூடைக்குள் போகின்றன. மட்குதல் அங்கே நடக்கிறது. அதன் சாறு பக்கவாட்டில் கசிந்து வேருக்கு வருகிறது. முதல் பந்திக்குத் தனி அறை ஒதுக்கிவிட்டதால் போட்டியே எழுவதில்லை.

எந்த முறையானாலும் வைக்கோலும் எருவும் வெளியிலிருந்து வாங்கினால் ஒரு சோதனை செய்யுங்கள். அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் தானியப் பயிரை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்பவை. வைக்கோலில் தங்கி, மாட்டின் வயிற்றைக் கடந்து, எருவிலும் நீடிக்கக்கூடியவை. சிறு தொட்டியில் அந்த எருவையோ நறுக்கிய வைக்கோலையோ மண்ணோடு கலந்து நாலைந்து அவரை விதை போடுங்கள். பக்கத்தில் வெறும் மண்ணில் நாலைந்து. மூன்று வாரத்தில் முதல் தொட்டியில் மட்டும் கொழுந்து சுருண்டு, கிண்ணம்போல் குவிந்தால் அந்தச் சரக்கைத் தொடாதீர்கள்.

அறுவடை முடிந்த கட்டைப் பிரித்துப் பாருங்கள். கயிறு மட்டும்தான் வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். உள்ளே கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த நிலத்தின் மணத்தோடு இருக்கும். கார்பனில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது. பாக்டீரியாக்கள் மடிய மடிய, அவை உடலில் பூட்டி வைத்திருந்த நைட்ரஜன் இப்போது திறந்துவிடப்படுகிறது. அடுத்த பருவத்துக் கீரை விதையை நான் தூவுவது இதில்தான், யூரியா ஒரு சிட்டிகைகூட இல்லாமல்.