சுடாத பிளாஸ்மா, ஆறாத புண்

சேலத்துப் பட்டறைகளில் எவர்சில்வர் கம்பிகளை ஒட்டுவதற்கு ஆர்கான் வெல்டிங் செய்வார்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கூடாத அந்த வெளிச்சம் பிளாஸ்மா. வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து, எலக்ட்ரானும் அயனியும் கலந்து கிடக்கும் நிலை அது; இரத்தத்தில் உள்ள பிளாஸ்மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெல்டிங்கில் அதன் வெப்பம் 10,000 டிகிரியைத் தொடும். அதே ஆர்கானை வைத்து, விரலால் தொடக்கூடிய பிளாஸ்மாவையும் உண்டாக்கலாம். தடித்த பேனா போன்ற கருவி, அதன் முனையில் ஊதா நிறத்தில் ஒரு சிறு சுடர். தோலில் படும் இடத்தில் 40 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். இந்த வகைக் கருவி ஒன்றுக்கு 2013இல் ஐரோப்பாவில் மருத்துவக் கருவிக்கான சான்று கிடைத்தது. ஜெர்மனியில் ஆறாத புண்களுக்கு இதைக் கொண்டு சிகிச்சை தருகிறார்கள்.

வாயு ஒன்றுதான், ஆனால் ஒரு இடத்தில் எஃகு உருகுகிறது, இன்னொரு இடத்தில் தோல்கூடச் சுடவில்லை. இதைப் புரிந்துகொள்ள எடையைப் பார்க்க வேண்டும். ஆர்கான் அணு, எலக்ட்ரானைவிட ஏறக்குறைய 73,000 மடங்கு கனம். கடுகுக்கும் ஒரு நல்ல சேலத்து மாம்பழத்துக்கும் உள்ள வித்தியாசம். மின்புலத்தில் பாய்ந்து ஓடுவது லேசான எலக்ட்ரான்தான். அது எவ்வளவு வேகமாக வந்து அணுவில் மோதினாலும், ஒரு மோதலில் கைமாறும் வெப்பம் மிகச் சொற்பம். வெல்டிங்கில் நூறு ஆம்பியர் கணக்கில் மின்சாரம் விடாமல் ஓடுகிறது. கோடானுகோடி மோதல்கள் சேர்ந்து வாயுவையும் கொதிக்க வைத்துவிடுகின்றன. மருத்துவக் கருவியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருந்தாலும் செலவாகும் மின்திறன் சில வாட்தான். வாயுவும் ஓடிக்கொண்டே இருக்கிறது; அணுக்கள் சூடேறுவதற்குள் வெளியே போய்விடுகின்றன. எலக்ட்ரான்கள் மட்டும் பல்லாயிரம் டிகிரிக்குரிய வேகத்தில் திரிகின்றன.

சரி, சூடே இல்லையென்றால் புண்ணில் அதற்கு என்ன வேலை?

வேலை செய்வது வேதியியல். சுடர் காற்றைச் சந்திக்கும் இடத்தில் ஆக்சிஜன், நைட்ரஜன், ஈரப்பதம் எல்லாம் உடைந்து ஓசோன், ஹைட்ராக்சில், ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு என்று மாறுகின்றன. (சேர்வராயன் மலை மேல் வெட்டும் கோடை மின்னலும் காற்றிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது.) இவை பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்து ஓட்டை போடும், உள்ளே புரதத்தையும் டிஎன்ஏவையும் சிதைக்கும். ஒரு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் பாக்டீரியாவின் ஏதோ ஒரு செயலைக் குறிவைக்கிறது. அந்த இடத்தை மாற்றிக்கொண்டால் கிருமி தப்பித்துவிடும். இங்கே தாக்குதல் பல பக்கத்திலிருந்தும் வருவதால் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளும் சாகின்றன.

நம் செல்கள் எப்படித் தப்பிக்கின்றன? அவை பெரியவை, ஆக்சிஜனேற்றத்தைச் சமாளிக்கும் நொதிகளும் டிஎன்ஏவைச் செப்பனிடும் வசதியும் உள்ளவை. ஆனால் இது அளவைப் பொறுத்த விஷயம். அளவு கூடினால் நம் செல்களும் சாகும். அதனால்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 முதல் 60 நொடி என்று கணக்கு வைத்துச் சுடரைக் காட்டுகிறார்கள். புற்றுநோய் செல்களை இதே வழியில் கொல்ல முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. அது இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. கேன்சருக்கு மருந்து வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது சர்க்கரை நோயாளியின் கால் புண். அம்மாப்பேட்டையில் குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க மிதிக்கிற ஒரு நெசவாளியை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையால் காலில் உணர்ச்சி மரத்திருக்கும்; காயம் பட்டதே தெரியாது. தெரியும்போது கிருமிகள் புண்ணின் மேல் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மருந்து அதைத் துளைத்துப் போவது கடினம். "புண்ணு காயவே மாட்டேங்குது டாக்டர்" என்று மாதக்கணக்கில் அலைவார். இப்படிப் பல பேருக்குக் கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டியதாகிறது. தறி மிதிப்பவருக்கு அதோடு பிழைப்பும் போகிறது.

இத்தகைய கால் புண்களில் பிளாஸ்மாவையும், ஒப்பீட்டுக்காகப் பிளாஸ்மா இல்லாமல் செய்யும் போலிச் சிகிச்சையையும் வைத்து ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2020இல் வெளிவந்தது. பிளாஸ்மா காட்டிய புண்கள் வேகமாகச் சுருங்கின. ஆனால் கிருமிகளின் அளவில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை! அப்படியானால் கிருமியைக் கொல்வது மட்டும் காரணமாக இருக்க முடியாது. குறைந்த அளவில் கிடைக்கும் அதே வேதிப்பொருட்கள் தோல் செல்களைப் பெருகத் தூண்டுகின்றன. நைட்ரிக் ஆக்சைடு நம் உடலே இரத்தக் குழாயை விரிக்கப் பயன்படுத்தும் சமிக்ஞை. அதைக் கண்டுபிடித்ததற்கு 1998இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உறங்கிக் கிடந்த புண்ணை உடல் மறுபடி ஆற்றத் தொடங்குகிறது என்பதே எனக்குப் பெரிய செய்தியாகத் தெரிகிறது.

இதை மட்டும் நம்பி மற்றதை விட்டுவிடவும் முடியாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், கெட்ட சதையை எடுக்க வேண்டும், புண்ணில் பாரம் விழாமல் காலுக்கு ஓய்வு தர வேண்டும். காலுக்கு இரத்தம் போகும் குழாய் அடைத்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்தாக வேண்டும். சுடரின் வேலை புண்ணின் மேற்பரப்போடு சரி. எலும்பு வரை இறங்கிய சீழுக்கு அது எட்டாது.