மேட் பாக்ஸின் பாரம் லென்ஸுக்குப் போகக் கூடாது

செட்டுக்குப் போனதும் என் கை முதலில் மேட் பாக்ஸின் அடியில்தான் போகும். வேண்டாத வெளிச்சத்தை மறைக்கவும் ஃபில்டர் செருகவும் லென்ஸுக்கு முன்னால் மாட்டும் பெட்டி அது. ஒரு கையால் பாக்ஸைத் தாங்கிக்கொண்டு, கேமராவுக்கு அடியிலிருந்து முன்னே நீளும் கம்பிகளில் (ராடு) அதைப் பிடித்திருக்கும் கிளாம்பின் திருகைத் தளர்த்துவேன். அப்போது லென்ஸ் ஒரு நூல் அளவு அசைந்தாலும் போதும், யாரோ அளவு பார்க்காமல் அழுத்தி மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த அழுத்தம் முழுவதையும் லென்ஸைக் கேமராவோடு பிணைக்கும் மவுண்ட்தான் வாங்கியிருக்கிறது. நாளடைவில் மவுண்டில் ஆட்டம் வந்துவிடும். அப்புறம் ஃபிரேமின் ஒரு பக்கம் ஷார்ப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருப்பதற்குக் காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

பெரும்பாலும் தப்பு உயரத்தில் இருக்கும். 15 மி.மீ. லைட்வெயிட் ராடுகளில் இரண்டு ராடுகளின் மையங்களுக்கு இடையே 60 மி.மீ. இருக்கும். ராடு மையத்திலிருந்து லென்ஸ் மையம் 85 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். சின்ன மிரர்லெஸ் கேமராவை, ராடுகளைப் பிடிக்கும் அடித்தட்டான பேஸ்பிளேட்டில் அப்படியே வைத்தால் லென்ஸ் தாழ்ந்துவிடும். அடியில் ரைசர் (உயரம் கூட்டும் துண்டு) கொடுத்துக் கேமராவை உயர்த்துங்கள். அதை விட்டுவிட்டுப் பாக்ஸைக் கீழே அமுக்கி இறுக்கவே கூடாது. 19 மி.மீ. ஸ்டூடியோ ராடுகளின் இடைவெளி 104 மி.மீ. அதற்கான பிராக்கெட் 15 மி.மீ. ராடுகளில் உட்காராது, வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

உயரம் சரியானால் பாக்ஸ் ராடில் வழுக்கி வந்து தானாக லென்ஸைச் சுற்றி அமரும். இறுக்குவதற்கு முன் ஃபோகஸை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிப் பாருங்கள், ஜூமையும் முழுக்க ஓட்டுங்கள். ஸ்டில் லென்ஸ்கள் பலவற்றில் முன்பக்கம் நீளும். நீண்டு வந்து ஃபில்டரில் இடித்தால் இரண்டிலும் கீறல்தான்.

பாக்ஸின் பின்பக்கம் லென்ஸைச் சுற்றியிருக்கும் இடைவெளியை மூடுவதைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கல்யாணத்தில், காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க, மாப்பிள்ளை அழைப்பை என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) போட்டு எடுத்தோம். மானிட்டரில் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டின் மேல் வெள்ளையாக ஏதோ வளைவாகத் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் எழுத்துகள்! லென்ஸின் முன்வளையத்தில் அச்சிட்ட பெயரும் எண்ணும் ஃபில்டர் கண்ணாடியில் பட்டு, தலைகீழாகத் திரும்பி வந்திருந்தன. அந்த இடைவெளியை அடைக்கும் டோனட் ரப்பர் போடாததால் பின்னாலிருந்து வெயில் உள்ளே புகுந்திருக்கிறது. ஒரு கறுப்புத் துணியைச் சுற்றினேன், எழுத்து மறைந்தது. ஆனால் ஊர்வலம் அதற்குள் மண்டப வாசலைத் தாண்டிவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்துக் கொடுக்க முடியாது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வைட் லென்ஸ் போட்டால் பாக்ஸின் ஓரம் பட்டு மூலைகள் கறுக்கிறதா என்று ஐரிஸை (லென்ஸின் துவாரம்) நன்றாக மூடிப் பாருங்கள், திறந்திருக்கும்போது அது சரியாகத் தெரியாது. பாக்ஸின் மேல் ஃபிளாக்கையும் (வெளிச்சத்தை மறைக்கும் தகடு) அப்போதே சரிசெய்துவிடலாம்.

ஃபில்டர் ட்ரேயை (கண்ணாடியைப் பிடிக்கும் சட்டம்) பாக்ஸில் செருகியதும் பூட்டு விழுந்ததா என்று கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஜிம்பலிலோ (ஆட்டத்தைச் சமன்செய்யும் தாங்கி) காரிலோ கேமரா ஏறும் நாளில் நான் இதை ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் செய்கிறேன். 4 x 5.65 அங்குலக் கண்ணாடி அது, கீழே ஆள் நின்றால் அவர் தலையில்தான் விழும்.