ஒரு கன்றுக்குக் காடு என்னென்ன செய்கிறது

இலுப்பை விதையும் சரக்கொன்றை விதையும் ஒரே நாளில் கைக்குக் கிடைத்தால், முதலில் இலுப்பையை ஊன்றிவிடுங்கள். கொன்றை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். இலுப்பைக்கு நாள் கணக்குதான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மொத்த டப்பா விதையை இழந்து. பழத்தைப் பிசைந்து, கொட்டையைக் கழுவி, நல்ல வெயிலில் உலர்த்தி, மழை வரட்டும் என்று எடுத்து வைத்திருந்தேன். ஐப்பசியில் விதைத்தபோது ஒன்றுகூட முளைக்கவில்லை. நெல்லையும் உளுந்தையும் காப்பாற்றுகிற அதே உலர்த்தல் இலுப்பையைக் கொன்றுவிட்டது.

விதைகளில் இரண்டு போக்கு உண்டு. 1973-இல் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர்தான் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வைத்தார். நெல், உளுந்து, கொன்றை போன்றவை செடியில் இருக்கும்போதே உலரத் தொடங்கும். தண்ணீர் குறையக் குறைய, செல்லுக்குள் சர்க்கரையும் சில காப்புப் புரதங்களும் சேர்ந்து உள்ளே இருப்பதைக் கண்ணாடி போல இறுகச் செய்யும். உயிர் இருக்கும், வேலை நின்றிருக்கும். இலுப்பை, நாவல், பலா, மா ஆகியவற்றின் விதைகள் அப்படி நிற்பதே இல்லை. மரத்திலிருந்து விழும்போதும் உள்ளே சுவாசம் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை உலர்த்தினால் செல்லின் சவ்வுகள் கிழிந்துவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் திரும்பாது. வேம்பு இரண்டுக்கும் இடைப்பட்டது. சாதாரணமாக வைத்திருந்தால் இரண்டு மூன்று வாரங்களில் முளைப்புத்திறன் விழுந்துவிடும். அதனால் நாட்டு மர நாற்றங்காலில் நாள்காட்டியை நாம் எழுத முடியாது. ஆனியில் எது பழுக்கிறதோ அதை ஆனியிலேயே விதைக்க வேண்டும்.

கொன்றையின் சிக்கல் நேர் எதிரானது. அதன் விதைத்தோலில் நெட்டுக்குத்தான செல்கள், செங்கல்லை நிறுத்தி அடுக்கியது போல இடைவெளியின்றி நெருங்கி நிற்கின்றன. தண்ணீர் உள்ளே போகாது. காட்டில் கரடியும் நரியும் இனிப்புச் சதைக்காகக் காயைத் தின்னும். விதை வயிற்றுக்குள் போய் வெளியே வரும். பிறகு வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு, ஒருநாள் தோல் வழிவிடும். நாற்றங்காலில் அந்த வேலையை நாம் செய்கிறோம். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையைப் போட்டு இரவு முழுக்க அப்படியே விடுவது ஒரு வழி. கையளவு விதைதான் என்றால் உப்புத்தாளில் தேய்ப்பதே எனக்குப் பிடித்த முறை. முளை கிளம்பும் முனையை விட்டுவிட்டு, எதிர்ப்பக்க ஓரத்தில் வெளிர்நிறம் தெரியும் வரை தேய்த்தால் போதும். தண்ணீரில் போட்டால் மறுநாள் காலை விதை பருத்திருக்கும்.

நான் சொல்வதெல்லாம் மரக்காணம் முதல் கடலூர் வரையிலான மண்ணை மனதில் வைத்து. சோழமண்டலக் கடற்கரையின் இயற்கைக் காடு, உயரம் குறைந்த, இலை தடித்த, ஆண்டு முழுதும் பச்சையாக இருக்கும் ஒரு வறண்ட காடு. வீரை, காசான், பாலை, கருங்காலி எல்லாம் அதன் மரங்கள். அதில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் பெரும்பாலும் அய்யனார் துணையில் நிற்கிற கோயில்காடுகளில்தான். புத்துப்பட்டில் போய்ப் பார்க்கலாம். இந்த மரங்களை மறுபடி கொண்டுவர வேண்டுமானால் ஒவ்வொரு கன்றையும் விதையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

சரி, எங்கே வளர்ப்பது? பசுமைக்குடில் என்றதும் கண்ணாடிக் கூரையோ பாலித்தீன் கூரையோ போட்ட அடைத்த கூடம் நினைவுக்கு வரும். குளிர்நாடுகளில் அது வெப்பத்துக்காகக் கட்டியது. கண்ணாடி வெப்பக்கதிரைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே சூடு என்று பலரும் நினைத்திருந்தார்கள். 1909-இல் ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், இன்னொன்றை வெப்பக்கதிரைத் தடுக்காத உப்புப் பாளத்தாலும் மூடிப் பார்த்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு சூடாயின. சூடான காற்று மேலெழுந்து போக முடியாமல் அடைபடுவதே முக்கியக் காரணம். சித்திரை மாதத்து விழுப்புரத்தில் அப்படி ஒரு கூடத்தைக் கட்டினால் கன்று வெந்துவிடும். ஆகவே நம் ஊர்ச் சமவெளிக்கு ஏற்றது பக்கங்களில் காற்று புகுந்து போகிற நிழல்வலைக் கூடம். பெரும்பாலான இடங்களில் பாதி வெயிலைத் தடுக்கும் வலை போடுகிறார்கள். 

இந்த நிழலால் இலைக்குக் கிடைக்கும் பெரிய நன்மை தண்ணீர்க் கணக்கில் இருக்கிறது. 23 டிகிரி வெப்பத்தில் காற்று கொள்ளக்கூடிய நீராவியைப் போல ஏறத்தாழ இரு மடங்கை 35 டிகிரியில் கொள்ளும். இலை சூடேறினால் அதிலிருந்து காற்று உறிஞ்சுகிற நீரும் அப்படியே ஏறும். இரண்டு அங்குல வேர் உள்ள கன்றால் அதை ஈடுகட்ட முடியாது. உடனே இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் கரியமில வாயு உள்ளே வராது. உணவு தயாரிப்பு நின்றுபோகும். வாடாமல் நிற்கிற கன்றுகூட வளராமல் நிற்கலாம். காட்டில் தாய்மரத்தின் அடியில் இந்தத் தொல்லை குறைவு.

ஆனால் வலையின் நிழலும் இலையின் நிழலும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியவந்தபோது நிறைய விஷயங்கள் விளங்கின. பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, அதற்கு அடுத்துள்ள தொலைசிவப்பு ஒளியை வெளியே விட்டுவிடும். அதாவது, திறந்த வெளியில் ஏறத்தாழச் சமமாக இருக்கிற இரண்டும், மரத்தடியில் ஒன்று மிகக் குறைந்து மற்றொன்று மிகுந்து நிற்கும். செடியில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இந்த விகிதத்தைத்தான் அளக்கிறது. 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் லெட்டூஸ் விதைகளை வைத்து இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார்கள்: சிவப்பு ஒளி காட்டினால் முளைக்கும், தொலைசிவப்பு காட்டினால் முளைக்காது, கடைசியாக எது பட்டதோ அதுவே செல்லும். கறுப்பு வலை எல்லா நிறத்தையும் சம அளவில் குறைப்பதால் அதன் கீழுள்ள கன்று தன் தலைக்குமேல் வேறு மரம் இருப்பதாக எண்ணுவதில்லை. ஆனால் பைகளை நெருக்கி அடுக்கிவிட்டால் பக்கத்துக் கன்றின் இலையிலிருந்து தொலைசிவப்பு தெறித்து வரும். கன்று போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு நெடுநெடுவென்று ஓடும். உயரமாகத் தெரியும், தண்டு விரல் பட்டாலே வளையும். வாங்க வருகிறவர்கள் உயரத்தைப் பார்த்து அதையே எடுப்பார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் வருத்தம். தண்டின் தடிமனைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பைகளைத் தூக்கி, இடைவெளி விட்டு, உயரவாரியாகப் பிரித்து வைப்பது இதற்காகத்தான்.

தூக்கி வைப்பதில் இன்னொரு பயன், வேர். பையின் ஓட்டை வழியே தரைக்குள் இறங்கிய வேரை அந்த நேரத்தில் அறுத்துவிடலாம். பைக்குள்ளேயே முட்டித் திரும்பிய ஆணிவேர் ஆபத்தானது. அது பாம்புபோலச் சுருண்டு, நட்ட பிறகும் அந்தச் சுருளிலேயே தடிக்கும். புயலில் அடியோடு சாய்ந்த சாலையோர மரங்கள் சிலவற்றின் வேரில் பையின் வடிவத்தை இன்றும் பார்க்கலாம். அடி திறந்த குழிக்கலன்களைத் தரையிலிருந்து உயர்த்தி மேடையில் வைத்தால், வெளியே எட்டிப் பார்க்கும் வேர் நுனி காற்றுப் பட்டுக் காய்ந்துவிடும். நுனி போனால் பக்கவேர்கள் கிளம்பும். பனைக்கு மட்டும் இந்த வித்தை எதுவும் செல்லாது. அது முளைக்கும்போதே ஒரு நீண்ட குழலை மண்ணுக்குள் ஆழமாக இறக்கி, குருத்தைக் கீழே கொண்டுபோய் வைக்கிறது. அந்தக் கிழங்கைத்தான் நாம் அவித்துத் தின்கிறோம். பனையைப் பையில் வளர்க்க மெனக்கெட வேண்டாம். நட வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதைத்துவிடுங்கள்.

மண் கலவைக்குச் செம்மண், மணல், தொழுவுரம், கொஞ்சம் தென்னைநார்க் கழிவு. அதோடு அதே மரத்தின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண். அந்தக் கைப்பிடியில் இருக்கும் பூஞ்சை இழைகள் வேர்ச் செல்லுக்குள் நுழைந்து மரம்போலக் கிளை விரிக்கும். வேர் எட்டாத தொலைவிலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். ஸ்காட்லாந்தில் கிடைத்த 40 கோடி ஆண்டுப் பழைய தொல்லெச்சங்களிலேயே இந்த உறவு பதிவாகியிருக்கிறது. சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால் கன்று பூஞ்சையை உள்ளே விடாது, தேவை இல்லையே. அப்புறம் வெறும் மண்ணில் நடும்போது அந்தக் கூட்டாளி இல்லாமல் போய் நிற்கும்.

சந்தனம் இதைவிட ஒருபடி மேல். அதன் வேருக்குப் பக்கத்துச் செடியின் வேர் வேண்டும்; உறிஞ்சு உறுப்புகளால் அதைப் பற்றிக்கொண்டு நீரையும் உப்புகளையும் எடுக்கும். அதனால் பையிலேயே துணைக்கு ஒரு துவரை விதை போடுவார்கள்.

தண்ணீரில் மட்டும் தாராளம் கூடாது. முளைத்த சில நாட்களில் கன்றுகள் தண்டின் அடி கறுத்து, நூல்போல இளைத்து மடிந்தால் அது நாற்றழுகல். அதை உண்டாக்கும் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரின் வித்துகள் நீர்ப்படலத்தில் நீந்திப் போகக்கூடியவை. காலையில் பூவாளியால் ஊற்றி, மாலைக்குள் மேல்மண் உலர்ந்தால் அவற்றுக்கு வழி இல்லை.

கடைசியில் கன்றுக்குக் கொடுத்த இத்தனை வசதியையும் மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நிழலில் பிறந்த இலை மெல்லியது; முழு வெயிலின் சிறு பங்கைத்தான் அதனால் பயன்படுத்த முடியும். மீதி ஆற்றல் பச்சையத்தையே சிதைக்கும், இலை வெளுத்துக் கருகும். அந்த இலையைப் பழக்கித் தேற்றுவது கடினம். வெயிலில் பிறந்த புது இலை வர வேண்டும். ஆகவே ஆடியிலிருந்தே கன்றுகளைக் காலை வெயிலுக்கு, பிறகு அரை நாளுக்கு, பிறகு முழு நாளுக்கு என்று வெளியே நகர்த்தி, தண்ணீரையும் மெல்லக் குறைக்க வேண்டும். வளர்ச்சி நிற்பதுபோலத் தெரியும், வேர் மட்டும் கூடும். சென்ற ஆண்டு ஆனியில் விதைத்த இலுப்பையில் இந்த ஆண்டு தடித்த, பளபளப்பான இரண்டு அடுக்குப் புது இலை வந்துவிட்டால், ஐப்பசியின் முதல் நல்ல மழைக்குக் குழி வெட்டலாம்.