சாப்பிடும்போது அடங்குகிற எரிச்சல்

"நாக்கு நுனியில கொச்சிக்காயத் தேச்ச மாதிரி எரியுது மிஸ். ஆனா சாப்பிடுறப்போ ஒன்னும் தெரியல."

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மா அவர். இதே எரிச்சலுக்காக வேறோர் இடத்தில் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். பல் போனது, எரிச்சல் போகவில்லை.

அவர் சொன்ன இரண்டாவது பேச்சைத்தான் பிடித்துக்கொண்டேன். மலையகத்தில் வாய் எரிகிறது என்று யாராவது வந்தால் முதலில் வெற்றிலை பாக்குப் பழக்கத்தைத்தான் கேட்பேன். பாக்கால் கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, நார்போல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். அவர்களுக்குச் சம்பல் பட்டாலே எரியும். அது புற்றுநோயாக மாறக்கூடியது. அதனால் பாக்கை அன்றே விடச் சொல்வேன். இந்த அம்மாவுக்கோ நேர்மாறு. காலையில் லேசாக இருக்கும், பொழுது சாயச் சாய ஏறும், ரொட்டி மெல்லும்போது அடங்கும். மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் வைக்கச் சொன்னேன், தாராளமாகப் போனது. துணியால் நாக்கைப் பிடித்து இழுத்து ஓரம், அடிப்பக்கம் எல்லாம் பார்த்தேன். ஒரு சின்னப் புண்கூட இல்லை.

இப்படிப் புண் எதுவும் தெரியாமல், நாளுக்கு 2 மணித்தியாலத்துக்கு மேல், 3 மாதத்தைத் தாண்டியும் தினமும் எரிந்தால் எரிவாய் நோய் என்று சந்தேகிக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் அதிகம். கசப்போ இரும்புச் சுவையோ கூடவே வரலாம். பழுது பெரும்பாலும் வலியையும் சுவையையும் கடத்தும் நரம்புகளில். "எல்லாம் மனப்பிரமை" என்று அனுப்பிவிடுவது எனக்குப் பிடிக்காத வைத்தியம்.

ஆனால் எடுத்தவுடன் இந்தப் பெயரை வைத்துவிடவும் கூடாது. இரும்புச்சத்து, பி12, ஃபோலேட், சீனி, தைரொயிட் எல்லாம் இரத்தத்தில் பார்க்க வேண்டும். பல்செட்டைக் கழற்றாமல் தூங்குபவர்களுக்கு அடியில் பூஞ்சை பிடித்திருக்கும். எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளும் சிலருக்கு எரிச்சல் தரும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, கொடுத்த டொக்டரிடம் சொல்லுங்கள். இந்த அம்மாவுக்கு இரும்புச்சத்து குறைவாகவே இருந்தது. ரொட்டியோடு பிளேன்டீ, மூன்று வேளையும்! சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லி, இரும்பு மாத்திரையும் கொடுத்தோம். இரத்தம் சரியானது, எரிச்சல் கொஞ்சம்தான் குறைந்தது.

அப்புறம்தான் நரம்புக்கான மருந்து. குளோனசெபாம் மாத்திரையை விழுங்காமல் மூன்று நிமிடம் வாயில் ஊறவைத்துத் துப்புவது ஒரு முறை. எல்லாருக்கும் கேட்காது. பழகிப்போகும் மருந்து என்பதால் பாமசியில் நீங்களாகக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். காரமான புதினாப் பற்பசை, அல்கஹோல் கலந்த வாய் கொப்பளிப்பு மருந்து இரண்டையும் நிறுத்தினோம். எரியும் நேரத்தில் குளிர்ந்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கலாம், சீனியில்லாத சூயிங்கம் மெல்லலாம்.

மூன்றாவது முறை வந்தபோதுதான் கேட்டார்: "கேன்சர் இல்லையே மிஸ்?" லயத்தில் எல்லாரும் தூங்கிய பிறகு, டோர்ச் லைட்டும் கைக்கண்ணாடியுமாக உட்கார்ந்து நாக்கைப் பார்ப்பாராம். இல்லை என்று சொல்லி, நாக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் அவருக்கே காட்டினேன்.

சில மாதம் கழித்து வந்தார். "பின்னேரத்துல இன்னும் கொஞ்சம் எரியுது மிஸ். டோர்ச்ச பேரனுக்குக் கொடுத்துட்டேன்."