மலையிலிருந்து விமானம் பிடிக்கிறவர்கள் கவனத்துக்கு

இந்த சீசனிலும் குன்னூரிலிருந்து போன ஒரு குடும்பம் விமான நேரக் கணக்கை நம்பி மாட்டிக்கொண்டது. சென்னையில் அம்மாவை மருத்துவரிடம் காட்ட 11 மணிக்கு நேரம் வாங்கிவிட்டு, கோவையில் 9.30 விமானம் கேட்டார்கள். முதல் நாளே போய்விடுங்கள் என்றேன். "நானூறு கிலோமீட்டர், பறந்தால் அரை மணி நேரம்னு நெட்டில் போட்டிருக்கே" என்றார் மகன். இறங்கும்போதே 10.45. அப்புறம் பெட்டி, டாக்சி, சென்னை நெரிசல். மருத்துவர் கிளம்பிவிட்டார்.

குன்னூரில் டிக்கெட் போட்டுத் தருகிற எனக்கு இந்த அரை மணி நேரக் கணக்கைக் கேட்டாலே ஆற்றாமையாக இருக்கிறது. தூரத்தை வேகத்தால் வகுத்து வருகிற எண் அது. விமானம் பஸ் மாதிரி கிளம்பியதும் ஒரே வேகத்தில் ஓடாது. டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்பாடு, நிறுத்தின இடத்தைவிட்டு நகரும் நேரம். ஓடுதளத்துக்கு ஊர்ந்துபோய், முறைக்குக் காத்திருந்து, மேலேறி, பாதி வழியிலேயே இறங்கத் தொடங்கி, சென்னையில் மற்ற விமானங்களோடு வரிசை பிடித்து, நிற்கிற இடம் வரை ஊர்ந்து வர வேண்டும். முழு வேகம் நடுவில் கொஞ்ச நேரம்தான். கோவையிலிருந்து பெங்களூரு வான்வழியில் சுமார் 250 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஒரு மணி நேரத்தை ஒட்டிக் காட்டும். சென்னை சுமார் 400. ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி. 150 கிலோமீட்டர் கூடியும் கால் மணிதான் கூடுகிறது. விசிறி வைத்த சின்ன ஏடிஆர் விமானமென்றால் வேகம் இன்னும் குறைவு. அதனால் கிலோமீட்டரை விடுங்கள், டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பாருங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய பயணமே கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேடு போய்ச் சேருவதுதான். உள்நாட்டு விமானங்களுக்குப் நம் பெட்டியை வாங்கி ஏற்றிவிடும் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அங்கே அழுதாலும் திறக்காது. குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பர்லியார் வளைவில் ஒரு லாரி நின்றால் போதும். பலாப்பழ சீசனில் யானை ரோட்டுக்கு வரும், மழைக்காலத்தில் மண் சரியும். மே மாதக் கூட்டத்தில் ஒருவழிப் பாதை போட்டுவிட்டால் ஊட்டியிலிருந்து கீழே இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரிக்குத் திருப்பிவிடுவார்கள். மேட்டுப்பாளையம் தாண்டினாலும் காரமடை, துடியலூர் நெரிசல் பாக்கி.

குன்னூர்க்காரர்கள் விமான நேரத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பு வண்டி ஏறுங்கள். ஊட்டி என்றால் ஆறு. மலை ரயிலில் இறங்கி விமானம் பிடிக்கலாம் என்று தயவுசெய்து யோசிக்காதீர்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். சென்னையில் வேறு விமானம் மாற வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். தனித்தனியாகப் போட்டு முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

விடியற்காலை விமானமா? முதல் நாள் சாயங்காலமே கீழே இறங்கி, பீளமேடு பக்கம் அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். வயதானவர்களை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி, பனிமூட்டத்தில் அத்தனை வளைவும் இறக்கிக் கூட்டிப் போகாதீர்கள், ப்ளீஸ்.